நாய், பயம், பி.பி... பாவ்லோவ் கதையில் பலருக்கும் தெரியாத பக்கம்!

மணி அடித்தால் நாய்க்கு எச்சில் ஊறும். பாவ்லோவ் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது இதுதான். ஆனா, எச்சிலுக்கு முன்பே அவர் நாய்களிடம் அளந்தது ரத்த அழுத்தத்தை!

யார் இவர்?

1849-ல் ரஷ்யாவின் ரியாசான் நகரில் பாதிரியார் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் இவான் பாவ்லோவ். அவரும் பாதிரியார் ஆகத்தான் படிச்சார். அதைப் பாதியில் விட்டுவிட்டு, 1870-ல் அறிவியல் படிக்க செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போனார்.

பயந்தால் கணக்கு தப்பும்

1870-களின் கடைசியில் நாய்களின் ரத்த அழுத்தத்தை ஆராய்ந்தபோது ஒரு சிக்கல். மயக்க மருந்து கொடுத்தால் அழுத்தம் மாறிவிடும். கொடுக்காவிட்டால், பயத்தில் மாறிவிடும். அப்போ என்னதான் வழி? மேசையில் அமைதியாகப் படுத்திருக்க நாய்களைப் பொறுமையாகப் பழக்கினார். கட்டிப்போடவும் இல்லை, மயக்கவும் இல்லை. பயம் விலகியதும் நம்பகமான அளவு கிடைத்தது.

பிறகு செரிமான ஆய்வுக்காக 1904-ல் நோபல் பரிசு வென்றார். பழக்கத்தால் உருவாகும் அனிச்சைச் செயல் பற்றிய ஆய்வுதான் அவரை உலகப் புகழ் ஆக்கியது.

திருப்பிப் போட்ட வெள்ளம்

1924 செப்டம்பரில் லெனின்கிராடில் பெருவெள்ளம். கூண்டுகளில் இருந்த நாய்கள் மூழ்கும் நிலைக்குப் போய், கடைசி நேரத்தில் மீட்கப்பட்டன. உயிர் பிழைத்தாலும், சில நாய்களுக்குப் பழகியதெல்லாம் மறந்துபோச்சு. ஒரு நாயை மெல்ல மெல்லத் தேற்றினார்கள். ஆனா, கதவிடுக்கு வழியாகக் கொஞ்சம் தண்ணீரை விட்டதுமே அது மறுபடியும் கலங்கிப்போனது. ஆபத்து போனாலும் பயம் போகவில்லை!

பயத்தை அளப்பது எப்படி?

1936-ல், 86 வயதில் பாவ்லோவ் காலமானார். அவர் வழியில் வந்தவர்கள் எலிகளுக்கு ஓர் ஒலியைக் கேட்கவைத்து, கூடவே லேசான மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். சில முறைக்குப் பிறகு ஒலி மட்டும் கேட்டாலே போதும்: எலி அப்படியே உறைந்து நிற்கும், ரத்த அழுத்தம் எகிறும். 1980-களில் அமெரிக்க ஆய்வாளர் ஜோசப் லெடூ இந்த இரண்டையும் அளந்துதான், மூளையில் பயம் பயணிக்கும் பாதையைத் தேடினார். அது அமிக்டலா என்ற சிறு பகுதிக்குப் போனது.

இளம் பாவ்லோவ் விலக்கப் பார்த்த அதே அழுத்த மாற்றம், பின்னாளில் பயத்தின் அளவுகோலாகவே மாறிடுச்சு.

நமக்கு என்ன பாடம்?

பி.பி. பார்க்கும் முன் 5 நிமிஷம் அமைதியா உட்காரச் சொல்றாங்களே, அதுவும் இதுக்குத்தான். டாக்டரைப் பார்த்ததுமே சிலருக்கு அழுத்தம் ஏறிவிடும். அவசரப்படாதீங்க, பதற்றம் அடங்கின பிறகு கையை நீட்டுங்க.