கேட்கத் தெரிந்த கலைஞர் டி.எஸ். பாலையா



மலர்க்குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, பாலம் கட்டிய அனுபவத்தை எழுதச் சொன்னார்கள். சிவில் இன்ஜினியர், வேறென்ன எழுதப் போறான் என்று நினைத்திருப்பார்கள். நான் எழுதுவதோ ஒரு நடிகரைப் பற்றி. இதற்குப் பின்னால் எனக்கு ஒரு பழைய கடன் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் செஞ்சிப் பக்கம் பனமலை. எங்கள் தாத்தா டூரிங் டாக்கீஸ் காலத்து ரசிகர். மணலில் உட்கார்ந்து படம் பார்த்தவர். நான் பள்ளிக்கூடம் படித்த நாட்களில் டிவியில் பழைய படம் போட்டால் என்னைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொள்வார். 'காதலிக்க நேரமில்லை'யில் நாகேஷ் கதை சொல்லும் இடம் வரும். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். தாத்தா என் தலையைத் தட்டி, நாகேஷைப் பார்க்காதே, கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்காரே அந்தப் பெரியவரைப் பாருடா என்பார். அந்தப் பெரியவர்தான் டி.எஸ். பாலையா.

பாலையா பிறந்தது 1914 ஆகஸ்ட் 23-ல், திருநெல்வேலிச் சீமையில் உள்ள சுண்டங்கோட்டையில். நாடக மேடையில் வளர்ந்து சினிமாவுக்கு வந்தவர். அந்தக் கால நாடகக் கம்பெனி என்பது ஒரு குருகுலம் மாதிரி. வாத்தியார் பாடம் சொல்லித் தருவார். தன் வசனம் மட்டும் தெரிந்தால் போதாது, எதிரில் நிற்பவன் என்ன சொல்வான் என்பதும் மனப்பாடம் ஆகியிருக்க வேண்டும். மேடையில் ஒருவன் தடுமாறினால் இன்னொருவன் தாங்கிப் பிடித்தாக வேண்டும். காதைத் தீட்டி வைத்துக்கொள்ளாதவன் அங்கே பிழைக்க முடியாது.

1936-ல் 'சதிலீலாவதி' வந்தது. கதை எஸ்.எஸ். வாசனுடையது, டைரக்‌ஷன் அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன். எம்.ஜி.ஆருக்கு அதுதான் முதல் படம். என்.எஸ். கிருஷ்ணனுக்கும் பாலையாவுக்கும் கூட அதுதான் முதல் படம்! கதாநாயகன் எம்.கே. ராதா. அவரைக் கெட்ட வழியில் இழுத்துவிடும் நண்பனாகப் பாலையா நடித்தார். எம்.ஜி.ஆருக்குக் கிடைத்தது சின்ன இன்ஸ்பெக்டர் வேடம். முதல் படத்தில் பெரிய வேடம் பாலையாவுக்குத்தான் என்பதை இன்றைய தம்பிகள் நம்பக்கூட மாட்டார்கள். அப்போது அவருக்கு வயது 21.

அடுத்த ஆண்டு அதே டங்கனின் 'அம்பிகாபதி'. தியாகராஜ பாகவதருக்கு எதிரே ருத்ரசேனன் வேடம். தமிழ் சினிமாவுக்கு நல்ல வில்லன் ஒருவர் கிடைத்துவிட்டார். 1947-ல் 'ராஜகுமாரி' படத்தில் எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகன் ஆனார். அந்தப் படத்திலும் பாலையா உண்டு. 1949-ல் அண்ணாவின் 'வேலைக்காரி' வந்தபோது, பழிவாங்கத் துடிக்கும் கே.ஆர். ராமசாமிக்கு யோசனை சொல்லும் தோழன் மணியாக நடித்தார். நேற்றுவரை வில்லன், இன்று அறிவு சொல்லும் நண்பன். ஜனங்கள் இரண்டையும் நம்பினார்கள்.

இடையில் 'மோகினி' போன்ற படத்தில் நாயகனாகவும் நடித்தார். ஆனால் நாயகன் என்ற நாற்காலி அவருக்கு நிலைக்கவில்லை. ஒரே படத்தில் தொடங்கிய மூவரில் ஒருவர் நாடாண்டார், இன்னொருவர் கலைவாணர் என்று கொண்டாடப்பட்டார். பாலையா 36 ஆண்டுகள் இரண்டாவது, மூன்றாவது வேடங்களிலேயே நின்றார். 'தூக்குத்தூக்கி'யில் வடநாட்டு சேட்டு. 'பாகப்பிரிவினை'யில் சிவாஜிக்குப் பெரியப்பா. 'பாமா விஜயம்' படத்தில் மூன்று மகன்களுக்கு அப்பா. எந்த வேடத்திலும் நான் யார் தெரியுமா என்று முண்டியடிக்க மாட்டார். எதிரில் பேசுகிறவர் சொல்வதைக் காதில் வாங்குவார், அது மனசுக்குள் போகும், பிறகு முகத்தில் வரும். அவ்வளவுதான் அவர் வித்தை.

மூன்று படங்களைச் சொன்னால் இது விளங்கும்.

முதலாவது 1964-ல் ஸ்ரீதர் எடுத்த 'காதலிக்க நேரமில்லை'. மகன் செல்லப்பா சினிமா எடுக்கப் போகிறேன் என்று அப்பா விஸ்வநாதனிடம் ஒரு திகில் கதை சொல்கிறான். சத்தமும் ஜாடையும் எல்லாம் நாகேஷ்தான். பாலையாவுக்கு அங்கே வசனமென்று பெரிதாக எதுவும் கிடையாது. கண் விரிகிறது, உடம்பு ஒடுங்குகிறது, மூச்சு வாங்குகிறது. பேய் திரையில் எங்கும் இல்லை, அந்த முகத்தில் மட்டும் இருக்கிறது. அவர் பயந்ததால்தான் நாம் சிரித்தோம். இந்தப் படம் இந்தியில் 1966-ல் 'ப்யார் கியே ஜா' ஆனது. நாகேஷ் வேடம் மெஹ்மூதுக்கு, பாலையா வேடம் ஓம் பிரகாஷுக்கு. கதை கேட்கிறவருக்கும் ஒரு பெரிய நடிகர் வேண்டும் என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது!

இரண்டாவது 1965-ல் ஏ.பி. நாகராஜனின் 'திருவிளையாடல்'. பாண்டிய நாட்டையே பாட்டில் வெல்ல வந்த ஹேமநாத பாகவதர். 'ஒரு நாள் போதுமா' பாட்டைப் பாடியவர் பாலமுரளிகிருஷ்ணா. ஆனால் அந்தத் தலைக்கனம் பாலையாவுடையது. கழுத்தைத் திருப்புவதிலேயே சபையை அளந்துவிடுவார். அப்படிப்பட்டவர் அன்று ராத்திரி தன் திண்ணையில் ஒரு விறகுக்காரன் பாடுவதைக் கேட்கிறார். நீ யாரப்பா என்று விசாரித்தால், பாணபத்திரர் வேண்டாம் என்று தள்ளிய ஆளாம்! கழித்துவிட்ட சீடனே இப்படிப் பாடினால் குரு எப்படிப் பாடுவார்? அந்தக் கணக்கு அவர் முகத்தில் ஓடி முடிகிறது. விடியுமுன் ஊரை விட்டே போய்விடுகிறார். மாணவனாக இருந்தபோது அவர் தோல்வியைப் பார்த்து நான் கைதட்டினேன். வேலைக்குப் போனபின், என்னைவிடக் கெட்டிக்கார ஜூனியர் ஒருவன் என் டிசைனில் தப்பு கண்டுபிடித்த அன்று, ஹேமநாதரின் முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது. அவர் கெட்டவர் இல்லைங்க. தன்னைவிட நல்ல பாட்டைக் கேட்டதும் அதை ஒப்புக்கொள்ளத் தெரிந்தவர்.

மூன்றாவது 1968-ல் 'தில்லானா மோகனாம்பாள்'. தவில் வித்வான் முத்துராக்கு. சிவாஜி நாதஸ்வரம் வாசிப்பதாகக் காட்டினாலும் ஓசை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களுடையது. அந்த வாசிப்பை நிஜமாக்கியதில் பாலையாவுக்கும் பங்கு உண்டு. அவர் தலை ஆட்டும்போது நாயனம் நன்றாக வாசிக்கப்படுகிறது என்று நாம் நம்பிவிடுகிறோம். தவில்காரனுக்கு வேலை கையில் பாதி என்றால், காதில் பாதி அல்லவா?

1972 ஜூலை 22-ல், 57 வயதிலேயே பாலையா காலமானார். அவர் மகன் ஜூனியர் பாலையாவும் குணசித்திர வேடங்களில் நடித்து, 2023 நவம்பரில் மறைந்தார்.

முதல் வருஷ மெக்கானிக்ஸ் வகுப்பு ஞாபகம் இருக்கிறதா? ஒரு பீம் மேலே லோடு வைத்தால், முதலில் கண்டுபிடிக்க வேண்டியது சப்போர்ட் ரியாக்‌ஷன். அது இல்லாவிட்டால் பீம் நிற்காது. நாடகத்திலும் அதே ரியாக்‌ஷன்தான். இது எனக்கு அப்போது தெரியவில்லை.

இனி என் கடன். 2010 கல்லூரி விழா. என் விடுதி நண்பன் ஒரு சிரிப்பு நாடகம் எழுதினான். ஹீரோ வேஷம் எனக்கு வேண்டும் என்று அடம் பிடித்தேன். கிடைக்கவில்லை. அவன் ஐந்து நிமிஷம் அளப்பதைக் கேட்டுக்கொண்டிருக்கும் அப்பா வேஷம் கொடுத்தார்கள். அந்தக் கோபத்தில் மேடையில் நான் அவனைப் பார்க்கவே இல்லை. ஒட்டு மீசையை முறுக்கிக்கொண்டு ஜனங்களைப் பார்த்துச் சேட்டை பண்ணினேன். எனக்கு நாலு கைதட்டல் விழுந்தது. அவன் காமெடி செத்துப்போனது. ஊளையிட்டார்கள். அதற்குப் பிறகு அவன் மேடை ஏறவே இல்லை, என்னோடு சரியாகப் பேசவும் இல்லை. அன்று நடந்தது என் தப்பு என்று இதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். தாத்தா இல்லாத முதல் பொங்கல். எங்கள் மலைமேல் ராஜசிம்ம பல்லவன் கட்டிய தாளகிரீசுவரர் கோயில் இருக்கிறது. அங்கே ஒரு சுவரில், சிவன் ஆடுவதைப் பார்வதி பார்த்து நிற்கும் பழைய ஓவியம் உண்டு. ஆடுகிற சிவன் பெரும்பாலும் அழிந்துபோனார். ஒரு காலை மடித்து, தலை சாய்த்துப் பார்த்துக்கொண்டிருக்கும் பார்வதி மட்டும் இன்னும் நிற்கிறாள். அவள் பார்க்கிற விதத்திலேயே எதிரில் நடக்கும் ஆட்டம் எவ்வளவு அழகு என்று தெரிகிறது. தாத்தா எதைப் பார்க்கச் சொன்னார் என்பது அங்கே நின்றபோதுதான் எனக்குப் பிடிபட்டது.

தம்பி தங்கைகளே, எல்லாருக்கும் ஹீரோ வேஷம் கிடைக்காது. உங்களுக்குக் கிடைக்கிற வேஷத்தில் எதிரில் இருப்பவனைக் கேளுங்கள். அவனும் ஜெயிப்பான், நீங்களும் நிற்பீர்கள்.

நண்பா, நீ இந்தச் சந்திப்புக்கு வருகிறாய் என்று கேள்விப்பட்டேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மேடை காலியாகத்தான் இருக்குமாம். அந்தக் கதையை மறுபடி ஒரு தடவை சொல்லுடா. இந்தத் தடவை நான் கேட்கிறேன்.

அன்புடன்,
பனமலைக்காரன்
சிவில் பிரிவு, 2011