ஒற்றைக் கண் ஓவியர்
சர் ஜான் டென்னியல் (1820 – 1914)



நம்மில் சிலர் ஸ்டாம்ப் சேர்க்கிறோம், சிலர் பழைய நாணயம் சேர்க்கிறோம். அதே மாதிரி, படம் போட்ட பழைய ஆங்கில நாவல்களைத் தேடித் தேடிச் சேர்க்கிறவங்களும் உலகத்துல நிறைய பேர் இருக்காங்க. அவங்க உயிரை விட்டுத் தேடுகிற ஒரு புத்தகம் எது தெரியுமா? அச்சு சரியில்லை என்று ஒதுக்கப்பட்ட புத்தகம்! அச்சு சரியில்லை என்று சொன்னவர், அதற்குப் படம் வரைந்த ஓவியரேதான். அவர் பெயர் ஜான் டென்னியல்.

இளமையும் விபத்தும்

டென்னியல் 1820 பிப்ரவரி 28 அன்று லண்டனில் பிறந்தார். அவருடைய அப்பா நடனமும் வாள்வீச்சும் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர். ஒருநாள் அப்பாவும் மகனும் வாள்வீச்சுப் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். அப்பாவின் வாள்முனையில் இருந்த பாதுகாப்புக் குமிழ் கழன்று விழுந்துவிட்டது. வாள்முனை மகனின் வலது கண்ணில் பட்டது. அப்போது அவருக்கு வயது 20. அந்தக் கண்ணில் பார்வை போயே போய்விட்டது. ஆனால் அப்பா மனசு நோகுமே என்று, காயம் எவ்வளவு பெரியது என்பதை அவரிடம் சொல்லாமலே மறைத்துவிட்டாராம். எப்பேர்ப்பட்ட மகன் பாருங்க!

ஓவியனுக்குக் கண்தானே மூலதனம்? அதில் பாதி போன பிறகும் அவர் பென்சிலைக் கீழே வைக்கவில்லை. ராயல் அகாடமி கலைப்பள்ளியில் சேர்ந்தார். அங்கே சொல்லிக்கொடுத்த விதம் பிடிக்காமல் வெளியே வந்துவிட்டார். பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போய்ச் சிலைகளைப் பார்த்துப் பார்த்துத் தானே கற்றுக்கொண்டார். ஆளை எதிரே உட்கார வைத்து வரையும் பழக்கமே அவருக்குக் கிடையாது. ஒருமுறை பார்த்தால் போதும், மனதில் பதிந்துவிடும்.

ஐம்பது வருஷ வேலை

1850-ல் பஞ்ச் என்ற நகைச்சுவை வார இதழில் சேர்ந்தார். 1901 வரை அங்கேயே இருந்து 2000-க்கும் மேற்பட்ட கார்ட்டூன்கள் வரைந்தார். 1857-ல் நம் நாட்டில் சிப்பாய்ப் புரட்சி நடந்தபோது, வங்கப் புலி மேல் பிரிட்டிஷ் சிங்கம் பாய்வது போல ஒரு படம் போட்டார். பழிக்குப் பழி வாங்கணும் என்ற வெறியை அது இங்கிலாந்தில் தூண்டியது. இது நமக்குக் கசப்பான விஷயம்தான். ஆனாலும் ஒருவர் வரலாற்றைச் சொல்லும்போது இதையும் மறைக்காமல் சொல்லத்தானே வேண்டும்?

அந்தப் புத்தகத்தின் கதை

ஆக்ஸ்போர்டில் சார்லஸ் டாட்ஜ்சன் என்று ஒரு கணக்கு ஆசிரியர் இருந்தார். லூயிஸ் கரோல் என்ற புனைபெயரில் அவர் எழுதியதுதான், அற்புத உலகத்துக்குப் போய்வரும் ஆலிஸ் என்ற சிறுமியின் கதை. அதற்குப் படம் வரைந்து தரும்படி டென்னியலைக் கேட்டுக்கொண்டார். மொத்தம் 42 படங்கள். அப்போதெல்லாம் இப்போது போல ஸ்கேன் எடுத்து அச்சடிக்க முடியாது. கெட்டியான மரக்கட்டையில் படத்தை இடம் வலமாக மாற்றிப் போடணும். பிறகு டால்ஸியேல் சகோதரர்கள் என்ற செதுக்குக் கலைஞர்கள் கோடு கோடாகச் செதுக்குவார்கள். ஒரு மயிரிழை தப்பினாலும் முகபாவமே மாறிப்போகும்.

1865-ல் ஆக்ஸ்போர்டில் 2000 பிரதிகள் அச்சாயின. புத்தகத்தைப் பார்த்த டென்னியலுக்குத் திருப்தியே இல்லை. படங்கள் அச்சில் விழுந்த விதம் சரியில்லை என்று சொல்லிவிட்டார். அச்சுச் செலவு முழுக்க கரோலின் சொந்தப் பணம். பெரிய நஷ்டம் என்று தெரிந்தும் அவர் ஓவியரின் பேச்சைக் கேட்டார். நண்பர்களுக்குக் கொடுத்திருந்த பிரதிகளைக்கூடத் திரும்பக் கேட்டு வாங்கினார். அவற்றில் சிலவற்றை மருத்துவமனைகளுக்குக் கொடுத்தார். விற்காத தாள்கள் அமெரிக்காவுக்கு விற்கப்பட்டன. வேறொரு அச்சகத்தில் புத்தகம் புதிதாக அச்சாகி அதே ஆண்டு நவம்பரில் வெளிவந்தது. உலகமே கொண்டாடியது.

இப்போ வேடிக்கையைக் கேளுங்க. வேண்டாம் என்று ஒதுக்கிய அந்த முதல் அச்சில், இன்று இருப்பதாகத் தெரிந்தவை இருபத்துச் சொச்சம் பிரதிகள்தான்! அவற்றில் கரோலிடமே இருந்த ஒரு பிரதி, டென்னியல் கைப்பட வரைந்த சில படங்களோடு சேர்த்து 1998-ல் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தது. 15 லட்சம் டாலருக்கு மேல் போனது! படங்கள் செதுக்கிய மூல மரக்கட்டைகளோ, 1985-ல் லண்டனில் ஒரு வங்கியின் பெட்டகத்தில் பத்திரமாகக் கிடைத்தன.

கடைசிக் காலம்

டென்னியலின் சொந்த வாழ்க்கையில் சோகம் அதிகம். கல்யாணமான கொஞ்ச காலத்திலேயே மனைவி ஜூலியா காசநோயால் இறந்துவிட்டார். அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. 1871-ல் வெளிவந்த ஆலிஸின் இரண்டாவது கதைக்கும் 50 படங்கள் வரைந்தார். 1893-ல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. முதுமையில் மிச்சமிருந்த கண்ணும் மங்கிப்போனது. 1914 பிப்ரவரி 25 அன்று, 94-வது பிறந்தநாளுக்கு மூன்றே நாள் இருக்கும்போது காலமானார்.

நண்பர்களே, ரெக்கார்டு நோட்டில் படம் கோணலா வந்தா, மார்க் வந்தா போதும் என்று அப்படியே விட்டுவிடுகிறோம் இல்லையா? அச்சாகி முடிந்த 2000 புத்தகத்தையே திரும்பச் செய்யணும் என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அதைக் கேட்டு நடக்க எவ்வளவு பெரிய மனசு வேண்டும்! ஆலிஸின் படங்கள் 150 ஆண்டுகளுக்கு மேலாக நிற்பதற்கு இந்த இரண்டும்தான் காரணம்.

இனி நூலகத்துல படம் போட்ட பழைய புத்தகம் கையில் கிடைத்தால், முன்பக்கத்தைப் புரட்டி அச்சான ஆண்டைப் பாருங்க. படம் வரைந்தவர் பெயரையும் ஒருமுறை வாசிங்க. ஆசிரியர் பெயரை எல்லோரும் படிப்பார்கள். ஓவியர் பெயரை நாமாவது படிப்போமே!