மூன்று தலைமுறைக் கதை சொன்ன ஆஷாபூர்ணா தேவி

1975-ஆம் ஆண்டுக்கான ஞானபீடப் பரிசு நம் அகிலன் அவர்களுக்குக் கிடைத்ததை அங்கத்தினர்களில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதற்கு அடுத்த, 1976-ஆம் ஆண்டின் பரிசைப் பெற்றவர் வங்காள நாவலாசிரியை ஸ்ரீமதி ஆஷாபூர்ணா தேவி. 1965-இல் தொடங்கிய அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண்மணி அவர்தாம். பள்ளிக்கூட வாசற்படியை மிதிக்காதவர், ஆங்கிலம் அறியாதவர் என்பது பலருக்குத் தெரியாது.

அவர் பிறந்தது 1909-ஆம் ஆண்டு ஜனவரி 8-ஆம் தேதி, வட கல்கத்தாவில். தந்தையார் ஹரேந்திரநாத் குப்தா, சித்திரக்காரர். தாயார் ஸரளா ஸுந்தரி. பெரிய கூட்டுக் குடும்பம், பாட்டியின் ஆட்சி. பெண் குழந்தைகள் பள்ளிக்கூடம் போனால் வாயாடிகளாகி விடுவார்கள் என்பது அந்த வீட்டின் தீர்மானம். ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் வாத்தியார் வீட்டுக்கு வருவார். அண்ணன்மார் பாடம் படிக்கும்போது இந்தக் குழந்தை எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே எழுத்துக்களைக் கற்றது. எதிரில் உட்கார்ந்தால் எழுத்து தலைகீழாகத்தானே தெரியும்? அப்படித்தான் முதலில் படிக்கப் பழகியதாகச் சொல்வார்கள். இப்போதும் ஐயமிருந்தால் ஒரு செய்தித்தாளைத் தலைகீழாக வைத்து நான்கு வரி படித்துப் பாருங்கள்.

தாயார் புத்தகப் பைத்தியம். வீட்டு வேலைக்கு நடுவே படித்துக்கொண்டே இருப்பார். பல நூல்நிலையங்களிலிருந்து அவருக்குப் புத்தகங்கள் வரும். தந்தையார் தனிக்குடித்தனம் வந்த பிறகு அந்தப் புத்தகங்களெல்லாம் பெண்களின் கைக்கும் வந்தன. ஆஷாபூர்ணாவும் ஒரு சகோதரியுமாகச் சேர்ந்து ரவீந்திரநாத தாகூருக்கு ஒரு கடிதம் போட்டார்கள். தங்கள் பெயரை அவர் கையாலேயே எழுதி ஒரு பதில் அனுப்ப வேண்டும் என்பதுதான் வேண்டுகோள். பதில் வந்தது! 1922-இல், பதின்மூன்று வயதில், வீட்டாருக்குத் தெரியாமல் ஒரு கவிதையை 'சிசு ஸாதி' என்ற குழந்தைகள் பத்திரிகைக்கு அனுப்பினார். அது பிரசுரமானதோடு, மேலும் எழுதச் சொல்லி ஆசிரியரிடமிருந்து கேட்டும் வந்தது.

1924-இல் விவாகம். வயது பதினைந்து, அந்தக் காலக் கணக்குக்குக் கொஞ்சம் தாமதம்தான். கணவர் காளிதாஸ் குப்தா, கிருஷ்ணநகரைச் சேர்ந்தவர். மனைவி எழுதுவதை அவர் தடுக்கவில்லை, ஊக்கமே அளித்தார். ஆனாலும் மாட்டுப்பெண் செய்யவேண்டிய காரியம் ஒன்றுகூடக் குறையவில்லை. சமையல், குழந்தைகள், வருகிறவர் போகிறவர் எல்லாம் முடிந்து வீடு அடங்கிய பிறகு இரவில் உட்கார்ந்து எழுதுவார். பெரியவர்களுக்கான முதல் கதை 1936-இல் 'ஆனந்த பஜார் பத்ரிகா'வின் பூஜை மலரில் வந்தது. முதல் நாவல் 1944-இல். வெகுகாலம் இலக்கியக் கூட்டம் எதிலும் அவர் தலை தென்படாததால், யாரோ ஓர் ஆண்மகன்தான் பெண் பெயரில் எழுதுகிறார் என்று சில எழுத்தாளர்களே நினைத்தார்களாம்.

அவருடைய கதை ஒன்றை நாம் எல்லோரும் அறிவோம், அவருடையது என்று தெரியாமலே. 'ஜோக் பியோக்' என்ற அவருடைய நாவல் வங்காளத்தில் திரைப்படமாயிற்று. அதைத் தழுவி 1960-இல் பீம்சிங் இயக்கத்தில் தமிழில் வந்ததுதான் 'படிக்காத மேதை'. சிவாஜியும் ரங்காராவும் நம்மை அழவைத்தார்கள். பாரதியாரின் 'கண்ணன் என் சேவகன்' பாட்டை சீர்காழி பாடினார். மூலக்கதை எழுதிய அம்மாளை அன்று எத்தனை பேர் விசாரித்தோம்?

அவர் நூற்றுக்கு மேற்பட்ட நாவல்கள் எழுதியிருந்தாலும் நிலைத்த பெயரைத் தந்தது ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறைப் பெண்களைப் பற்றிய தொடர். 'பிரதம் பிரதிஸ்ருதி' (1964), 'ஸுவர்ணலதா' (1967), 'பகுல் கதா' (1974) என்று மூன்று நாவல்கள். முதல் நாவலின் பெயருக்கு முதல் வாக்குறுதி என்று பொருள். ரவீந்திர விருதும் பிறகு ஞானபீடமும் அதற்கே கிடைத்தன.

முதல் நாவலின் நாயகி சத்யவதி. பத்தொன்பதாம் நூற்றாண்டு வங்காள கிராமம். தகப்பனார் ராம்காளி சட்டர்ஜி பிராம்மணர், கைராசிக்கார வைத்தியர். ஒரு நாள் வழியில் ஒரு கல்யாணக் கோஷ்டியைப் பார்க்கிறார். பல்லக்கில் இருக்கும் மாப்பிள்ளைப் பையனின் முகத்தைப் பார்த்தவுடனே, இவன் பிழைக்கமாட்டான் என்று வைத்தியருக்குத் தெரிந்துவிடுகிறது. கல்யாணத்தை நிறுத்தித் திருப்பி அனுப்புகிறார். ஒரு சிறுமி விதவையாகாமல் காப்பாற்றியாயிற்று. ஆனால் குறித்த முகூர்த்தத்தில் விவாகம் நடக்காவிட்டால் பெண் வீட்டாருக்கு ஜாதிப் பிரஷ்டம். உடனே தம் குடும்பத்துப் பையன் ராஸுவை மணையில் உட்கார்த்தித் தாலி பாக்கியம் தந்துவிடுகிறார். அந்தப் பையனுக்கு ஏற்கெனவே சாரதா என்ற மனைவி இருக்கிறாள்! ஊரே ராம்காளியைப் புகழ்கிறது. சாரதாவின் வேதனைக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியைத் தகப்பனார் முன் வைப்பது அவருடைய சின்னப் பெண் சத்யவதி ஒருத்திதான். தர்மவான், தயாளு, எந்தத் தீங்கும் நினைக்காதவர். அவர் கையாலேயே இது நடக்கிறது. ஆசிரியை யாரையும் ராக்ஷஸனாக்கவில்லை என்பதுதான் இந்த நாவலின் பலம் என்பேன். வாசிக்கிறவர் தம் தாத்தாவையே அந்த இடத்தில் பார்ப்பார்.

எட்டு வயதில் மணமாகிப் புக்ககம் போகும் சத்யவதி, மாமியார் ஏலோகேசியின் சொல்லம்புகளைத் தாங்கி, கணவன் நவகுமாரைக் கல்கத்தாவுக்குக் கிளப்பிக்கொண்டு வந்து, தானும் படித்துப் பிறருக்கும் கற்றுத்தருகிறாள். தன் பெண் ஸுவர்ணாவையாவது நன்றாகப் படிக்கவைத்து, வயது வந்தபிறகே விவாகம் செய்யவேண்டும் என்பது அவள் உறுதி. கிராமத்துக்குப் போன இடத்தில், தாய்க்குத் தெரியாமல் ஒன்பது வயதுக் குழந்தைக்கு மாமியார் கல்யாணத்தை நடத்திவிடுகிறாள். கணவனும் வாய் திறக்கவில்லை. வந்து பார்த்த சத்யவதி சண்டை போடவில்லை. பெண்ணை ஆசீர்வதிக்கவும் நிற்கவில்லை. வந்த வண்டியிலேயே திரும்பி, காசியில் இருக்கும் தகப்பனாரிடம் போய்விடுகிறாள்.

இதைக் கதை என்று ஒதுக்க நம்மால் முடியாது. 1930 ஏப்ரலில் சாரதா சட்டம் அமலுக்கு வந்தபோது, அதற்குத் தப்பப் பிரெஞ்சு எல்லையான பாண்டிச்சேரிக்குப் போய்ச் சிறு பெண்களுக்கு விவாகம் நடத்திய குடும்பங்கள் நம்மிடையே உண்டு. என் பாட்டிக்கும் ஒன்பது வயதில்தான் கல்யாணம்.

இரண்டாவது நாவலில் ஸுவர்ணலதா வட கல்கத்தாவின் நெருக்கமான வீடொன்றில் மாமியார், ஓரகத்திகள் நடுவே அகப்பட்டுக்கொள்கிறாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று, தெருவைப் பார்க்க ஒரு தாழ்வாரம். புது வீடு கட்டும்போது அதை வைத்தாயிற்று என்று கணவன் பிரபோத் பொய் சொல்கிறான். கிருகப்பிரவேசத்தன்று அந்தப் பதினான்கு வயதுப் பெண் ஒவ்வொரு அறையாக, மாடிக்கும் கீழுக்குமாக, இல்லாத தாழ்வாரத்தைத் தேடி ஓடுகிறாள். பல வருஷங்களுக்குப் பின் தன் வாழ்க்கையை எழுதி உறவினர் ஒருவரின் மலிவான அச்சகத்தில் புத்தகமாக்குகிறாள். வரிக்கு வரி அச்சுப்பிழை. வீட்டார் உரக்கப் படித்துச் சிரிக்கிறார்கள். அத்தனை பிரதிகளையும் மொட்டை மாடியில் போட்டுத் தானே கொளுத்திவிடுகிறாள்.

அவளுடைய பெண்தான் பகுல். மணமாகாமல், பிறந்த வீட்டிலேயே ஓர் அறையில் இருந்துகொண்டு புனைபெயரில் எழுதிப் புகழ்பெறுகிறவள். மூன்றாவது நாவல் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. சத்யவதிக்கு அத்தனை நியாயம் பேசிய ஆசிரியை, புதுக் காலத்துப் பெண்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார். போராடிப் பெற்றதை இவர்கள் இப்படியா செலவழிப்பது என்ற ஆதங்கம் தெரிகிறது. அவருக்கு அப்போது அறுபத்தைந்து வயது என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

முதல் நாவலின் தொடக்கத்திலேயே, இது பகுலின் நோட்டுப் புத்தகத்திலிருந்து எடுத்த கதை என்றும், பாட்டி, கொள்ளுப்பாட்டிகளுக்குப் பட்ட கடனைத் தீர்க்கவே எழுதியது என்றும் சொல்லிவிடுகிறார். இதைப் படித்தபோது எனக்கு அமாவாசைத் தர்ப்பணம் நினைவுக்கு வந்தது. தாய், பாட்டி, கொள்ளுப்பாட்டி, தாய்வழிப் பாட்டி என்று கோத்திரமும் பெயரும் சொல்லி எள்ளும் ஜலமும் விடுகிறோம். பெயருக்கு மேல் அவர்களைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று யோசித்தேன். கொள்ளுப்பாட்டியின் பிறந்த ஊரைக்கூடச் சொல்ல முடியவில்லை.

சத்யவதியைப் போல ஆஷாபூர்ணா வீட்டை விட்டு வெளியேறியவரல்லர். 1960 வரை குடும்ப வீட்டில் இருந்து, பிறகு மகன், மாட்டுப்பெண்ணுடன் கோல்பார்க் பக்கம் குடிபோனார். லேக் மார்க்கெட் பகுதியில் வசித்த நம்மவர்களுக்கு அது அடுத்த பேட்டைதான். 1970-இல் கடியாவில் கானுங்கோ பார்க்கில் சொந்த வீடு. 1978-இல் கணவர் காலமானார். பள்ளிக்கூடமே போகாதவருக்கு ஜபல்பூர், ரவீந்திர பாரதி, பர்த்வான், ஜாதவ்பூர் பல்கலைக்கழகங்கள் டாக்டர் பட்டம் அளித்தன. 1989-இல் விசுவபாரதி 'தேசிகோத்தமா' பட்டமும், 1994-இல் சாகித்ய அகாதெமி ஃபெலோஷிப்பும் வந்தன. 1995-ஆம் ஆண்டு ஜூலை 13-ஆம் தேதி, அதே கடியா வீட்டில் இருந்த காலத்தில், எண்பத்தாறாவது வயதில் காலமானார். 'பிரதம் பிரதிஸ்ருதி'யின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2004-இல் வெளிவந்தது. ஐந்நூறு பக்கத்துக்கு மேல் என்று தயங்காமல் வாங்கலாம். அந்தப் பல்லக்கு நிற்கும் இடம் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது.