தியாகச் சுடர் தில்லையாடி வள்ளியம்மை

மணிவிழாக் காண்பதற்காகத் திருக்கடையூர் அபிராமியம்மை சந்நிதிக்குச் சென்று வந்த அன்பர்கள் கெடா மாநிலத் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் பலர் உளர். அத்திருத்தலத்திற்கு அருகிலேயே தில்லையாடி என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. அவ்வூர்ப் பெயரைத் தன் பெயரோடு தாங்கிப் பதினாறே ஆண்டுகள் வாழ்ந்த வள்ளியம்மையின் வரலாறு, திருமணத்தைப் புனிதமெனப் போற்றும் நம்மவர் அறிய வேண்டிய ஒன்றாகும்.

வள்ளியம்மை 1898 பிப்ரவரி 22-ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரில் பிறந்தார். தந்தையார் முனுசாமி முதலியார், சிறு வணிகர். தாயார் மங்களம், தில்லையாடியைச் சேர்ந்தவர்.

அந்நாட்டின் நேட்டால் பகுதிக்குக் கரும்புத் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் நம் மக்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டனர். ஒப்பந்தம் முடிந்து அங்கேயே தங்க விரும்பினால் ஆளுக்கு ஆண்டுதோறும் மூன்று பவுன் வரி கட்ட வேண்டும். பெண்டிர்க்கும் விலக்கில்லை, பதின்மூன்று வயது கடந்த சிறுமியரும் கட்ட வேண்டும். பலருக்கு மாதக் கூலி ஒரு பவுனைக்கூட எட்டாத காலம் அது. நமக்கு அண்டையிலுள்ள செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கும் நம் முன்னோர் ஒப்பந்தக் கூலிகளாகவே வந்தனர். மலாயாவில் அம்முறை 1910-இல்தான் ஒழிந்தது. ஆகவே அத்துயரம் நமக்கு அந்நியமன்று.

இந்நிலையில் 1913 மார்ச் 14-இல் கேப் நகர நீதிபதி சியர்ல் ஒரு தீர்ப்பு வழங்கினார். கிறிஸ்தவ முறைப்படி நடந்து பதிவு பெறாத திருமணங்கள் செல்லா என்ற நிலை அதனால் ஏற்பட்டது. இந்நாட்டில் 1982 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி ஆலயத் திருமணங்கள் முறையாகப் பதிவு பெறுகின்றன. அங்கோ அக்கினி வலம் வந்து மாங்கல்யம் பூண்ட மனைவியரே மனைவியர் அல்லர் என்றாகியது!

காந்தியடிகள் பெண்களையும் அறப்போருக்கு அழைத்தார். டிரான்ஸ்வாலிலிருந்து அனுமதிச் சீட்டின்றி எல்லை கடந்த தமிழ்ப் பெண்கள், நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடம் வரி நீங்கும்வரை வேலை நிறுத்தம் செய்யுமாறு வேண்டினர். ஆயிரக்கணக்கானோர் வேலையை விட்டு வெளியேறினர். அக்டோபர் இறுதியில் புறப்பட்ட அடுத்த அணியில் அன்னையுடன் வள்ளியம்மையும் சேர்ந்தார். அவ்வரி நேட்டாலுக்கு உரியது. டிரான்ஸ்வாலில் வாழ்ந்த வணிகர் மகளை அது தீண்டாது. பிறர் சுமைக்காகவே அச்சிறுமி சட்டத்தை மீறினார்.

டிசம்பரில் வால்க்ஸ்ரஸ்ட் நகரில் மூன்று மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. பீட்டர்மரிட்ஸ்பர்க் சிறையில் கொடிய காய்ச்சல் கண்டது. முன்னதாக விடுதலை பெற அவர் இசையவில்லை என்பர். அவர் கூறியதாகப் பல வீர வசனங்கள் மேடைகளில் முழங்கப்படுகின்றன. அவற்றின் துணையின்றியே அவ்வாழ்வு உயர்ந்து நிற்கும்.

சிறையும் அடியும் நம் மாநிலத்திற்கும் புதியன அல்ல. பீடோங் வட்டாரத்தில் 1947-இல் கள்ளுக்கடைகளை எதிர்த்த தொண்டர் படையினர் அவ்விரண்டையும் ஏற்றனர்.

விடுதலையாகி வந்த வள்ளியம்மை எலும்புருவாய்ப் படுக்கையில் கிடந்ததைக் காந்தியடிகள் நேரில் கண்டார். மீண்டும் சிறை செல்லவும் அவர் சித்தமாயிருந்தார் என்று தம் நூலில் பதிந்துள்ளார். 1914 பிப்ரவரி 22, தாம் பிறந்த அதே நாளில், வள்ளியம்மை இறைவனடி சேர்ந்தார்.

அவ்வாண்டே நிறைவேறிய இந்தியர் நிவாரணச் சட்டம் மூன்று பவுன் வரியை நீக்கியது. நம் சமயத் திருமணங்களுக்கும் மதிப்பளித்தது. ஜூலை 15-இல் வள்ளியம்மையின் கல்லறையிலும், 1909-இல் சிறைக் கொடுமையால் மாண்ட இளைஞர் நாகப்பனின் கல்லறையிலும் நினைவுக் கற்கள் திறந்து வைக்கப்பட்டபோது காந்தியடிகள் உடனிருந்தார். மறு ஆண்டு அவர் தில்லையாடிக்கே வந்தார். தமிழக அரசு 1971-இல் எழுப்பிய வள்ளியம்மை நினைவு மண்டபம் அவ்வூரில் உள்ளது.