வாயில்லா நோயாளிகளின் மருத்துவர்
(பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு மாணவர்)

நம் தணிகை மலைக்கு வருவோர், கிழக்கு நோக்கி நிற்கும் ஐராவதத்தையும் வணங்கியே செல்வர். தெய்வயானைக்கு இந்திரன் அளித்த சீதனம் அது என்பர் பெரியோர். யானையை இவ்வாறு போற்றும் நாட்டில், அந்த யானைக்கே நோய் வந்தால் பார்ப்பவர் யார்? தம் வாழ்நாளையே இவ்வினாவிற்கு விடையாகத் தந்தவர் டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தி.

1929ஆம் ஆண்டு பிறந்த அவர், சென்னை வேப்பேரியில் 1903இல் தோன்றிய கால்நடை மருத்துவக் கல்லூரியில் பயின்றார். ஆடு மாடுகளுக்கு வைத்தியம் பார்த்து ஊரிலேயே வசதியாக இருந்திருக்கலாம். அவரோ 1950களில் ஆனைமலைக் காட்டிற்குச் சென்றார். டாப்சிலிப்பிலும் பின்னர் முதுமலையிலும் வனத்துறை வளர்த்த யானைகளே அவருடைய நோயாளிகள்.

நாள்தோறும் 150 கிலோவுக்கு மேல் தீவனம் உண்ணும் விலங்கு, தனக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்லுமா? சாணத்தைப் பார்த்தும், பாதத்தைத் தடவியும், நடையைக் கவனித்தும்தான் நோயை அறிய வேண்டும். நூலில் இல்லாதவற்றை மலசர், குறும்பர், இருளர் இனப் பாகர்களிடம் கேட்டுக் கற்றார். பட்டம் பெற்றவர் பள்ளி செல்லாதவரிடம் பாடம் கேட்டதே அவர் பெருமை.

காட்டில் ஒரு யானை இறந்து கிடந்தால், அது நோயால் மாண்டதா, வேட்டைக்காரனின் குண்டுக்குப் பலியானதா? அறுத்துப் பார்த்தால்தான் தெரியும். அழுகிய உடலின் நாற்றத்தையும் அடைப்பான் போன்ற தொற்று அச்சத்தையும் பொருட்படுத்தாமல், எண்ணற்ற காட்டு யானைகளைப் பிரேதப் பரிசோதனை செய்தார். தந்தத் திருடர்களின் குற்றம் வெளிப்பட இப்பணி துணைநின்றது.

அவருடைய மருத்துவத்தின் உயர்வை விளக்க ஒரு நிகழ்ச்சி போதும். கேரள எல்லையிலும் கூடலூர்ப் பகுதியிலும் ஒரு மக்னா, அதாவது தந்தமில்லாத ஆண் யானை, இருபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. கேரளத்தில் அதைச் சுட உத்தரவாயிற்று. உயிரைப் பறிகொடுத்த குடும்பங்களின் கண்ணீருக்கு முன் யானைக்காக யார் பரிந்து பேச இயலும்? ஆயினும் தமிழக வனத்துறை அதை உயிருடன் பிடிக்க முடிவு செய்தது. 1998இல் கிருஷ்ணமூர்த்தியின் துணையோடு அது மயக்க ஊசியால் பிடிபட்டது. உடலெங்கும் குண்டுக் காயங்கள்! கொலைகாரன் என்று ஊர் தூற்றிய விலங்கு, அவர் கண்ணுக்குப் புண்பட்ட நோயாளியாகவே தெரிந்தது. மரக்கூண்டில் வைத்துப் புண்ணை ஆற்றினார். அதே யானை தெப்பக்காடு முகாமில் சாதுவாயிற்று. மருத்துவரின் பெயரால் அதற்கு மூர்த்தி என்று பெயரிட்டனர். 2024இல் இறக்கும் வரை அது அம்முகாமிலேயே வாழ்ந்தது.

2000ஆம் ஆண்டில் வேணு மேனன் வாழ்நாள் சாதனை விருது அவரைத் தேடி வந்தது. 2002 டிசம்பரில் அவர் மறைந்தார். 2011இல் ஜெயமோகன் எழுதிய 'யானை டாக்டர்' கதை அவரைத் தமிழர் இல்லங்களுக்கெல்லாம் அறிமுகம் செய்தது. காட்டில் வீசும் உடைந்த மதுப்புட்டி யானையின் காலுக்கு எமனாவதை அக்கதையில் படித்தோர் மறவார்.

தோழர்களே! பசுவின் பாலையும் ஆட்டுக்குட்டியையும் விற்ற பணத்தில் கல்லூரிக் கட்டணம் கட்டியவர்கள் நம்மில் பலர். நம் குடும்பத்தில் முதல் பட்டதாரியை உருவாக்கியதில் அந்த வாயில்லாச் சீவன்களுக்கும் பங்குண்டு. இருந்தும் 'மாட்டு டாக்டர்' என்ற சொல்லை ஏளனமாகவே சொல்கிறோம். பேச இயலாதவரின் வலியை உணர்வதே மருத்துவத்தின் உச்சம் அன்றோ? அந்த உச்சியைத் தொட்ட கிருஷ்ணமூர்த்தியின் வாழ்வை அறிந்த பின்னரேனும் அந்த ஏளனத்தைக் கைவிடுவோம். வாழ்க அவர் தொண்டு!