கணித மேதை இராமானுஜன்

காரைதீவில் 1892ஆம் ஆண்டில் உதித்து நமது மட்டக்களப்பு மாநிலத்திற்குப் புகழ் தந்த விபுலானந்த அடிகளார், தமிழ்ப் பேராசிரியராவதற்கு முன்னர் விஞ்ஞான ஆசிரியராய் விளங்கியவர் என்பதை யாவரும் அறிவோம். அடிகளாருக்கு ஏறக்குறைய நான்காண்டுகள் முன்னே தமிழகத்திலே பிறந்து, எண்ணையே உயிராகக் கொண்டு வாழ்ந்தவர் சீனிவாச இராமானுஜன். அட்சரகணிதம் என்றதும் அஞ்சும் நம் வாலிபர்கள் அன்னாரின் சரிதத்தை அறிதல் நலமாகும்.

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டிலே, தாயாரின் பிறந்தகத்திற் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்திலே. தந்தையார் சீனிவாச ஐயங்கார் துணிக்கடையொன்றிற் குமாஸ்தா. தாயார் கோமளத்தம்மாள் கோயிலிலே பக்திப் பாடல்கள் பாடுபவர். நாமக்கல் நாமகிரித் தாயார் அவர்களின் குலதெய்வம். வீட்டில் வறுமை இருந்தது. எனினும் 1897ஆம் ஆண்டின் ஆரம்பப் பரீட்சையிலே அவர் தஞ்சாவூர் மாவட்டத்தில் முதல்வராய்த் தேறினார்.

1902ஆம் ஆண்டிலே, பதினைந்து வயதளவில், முப்படிச் சமன்பாட்டைத் தீர்க்கும் வழி அவருக்குக் காட்டப்பட்டது. அஃது யாதென இங்குச் சிறிது விளக்குவோம்.

தெரியாத ஓர் எண், அதன் வர்க்கம், அதன் கனம் முதலிய அடுக்குகளை வெவ்வேறு எண்களாற் பெருக்கிக் கூட்டியோ கழித்தோ பெறுவது பல்லுறுப்பி எனப்படும். அதிலுள்ள மிக உயர்ந்த அடுக்கே அதன் படி. அதனைப் பூச்சியமாக்கும் எண்கள் அதன் மூலங்கள். உதாரணமாக, ஓர் எண்ணின் கனத்திலிருந்து அவ்வெண்ணின் நான்கு மடங்கைக் கழிப்போம். எண் 3 ஆயின் விடை 15; 2 ஆயின் 0; 1 ஆயின் சய 3; 0 ஆயின் 0; சய 1 ஆயின் 3; சய 2 ஆயின் 0; சய 3 ஆயின் சய 15. இவற்றைக் கட்டத்தாளிற் குறித்து இணைத்தால் வரைபு கிடைக்கும். கிடைக்கோட்டை நம் வாவியின் நீர்மட்டமெனக் கொள்வீராயின், வளைகோடு இடப்புறத்தில் ஆழத்திலிருந்து எழுந்து, சய 2இல் மேலே வந்து, 0இல் மூழ்கி, மீண்டும் 2இல் எழுந்து உயர்வதைக் காண்பீர். நீர்மட்டத்தை அது வெட்டும் மூன்று இடங்களே மூலங்கள்.

முப்படிக்கும் நாற்படிக்கும் உரிய சூத்திரங்களை இத்தாலியரான கார்டானோ 1545ஆம் ஆண்டிலேயே நூலில் வெளியிட்டிருந்தார். இராமானுஜனோ முப்படியின் வழியை அறிந்ததும், நாற்படிக்கு வேண்டிய வழியைத் தாமே கண்டுபிடித்தார். அடுத்து ஐம்படியைத் தீர்க்க முயன்றார், முடியவில்லை. கூட்டல், கழித்தல், பெருக்கல், பிரித்தல், மூலங்காணல் என்பவற்றால் மட்டும் ஐம்படி முழுமைக்கும் பொதுச் சூத்திரம் அமைக்க இயலாதென்பதை நோர்வே நாட்டு ஏபெல் 1824ஆம் ஆண்டிலேயே நிறுவியிருந்தார். அச்செய்தி கும்பகோணத்துச் சிறுவனை எட்டவில்லை. ஐம்படியின் வரைபும் ஆழத்திலிருந்து உயரத்திற்கோ உயரத்திலிருந்து ஆழத்திற்கோ சென்றேயாக வேண்டும். ஆதலால் ஓரிடத்திலேனும் நீர்மட்டத்தை வெட்டியே தீரும். மூலம் உண்டு, அதனைத் தரும் பொதுச் சூத்திரமே இல்லை.

1903ஆம் ஆண்டளவில், ஏறக்குறைய 5000 தேற்றங்கள் அடங்கிய கார் என்பாரின் நூல் கைக்குக் கிடைத்தது. அதிலேயே அவர் மூழ்கிவிட்டார். ஏனைய பாடங்களைப் புறக்கணித்தமையாற் கல்லூரி உதவிச் சம்பளத்தை இழந்தார். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தும் எப். ஏ. பரீட்சையிற் சித்தியெய்தவில்லை. தாள் வாங்கப் பணமின்றிக் கற்பலகையிற் கணித்து, முடிபை மட்டும் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். 1912ஆம் ஆண்டிற் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவானார்.

1913ஆம் ஆண்டு ஜனவரியில் அவர் எழுதிய கடிதம் கேம்பிறிட்ஜ் பேரறிஞர் ஹார்டியின் கண்களைத் திறந்தது. மறு ஆண்டு இங்கிலாந்து சென்றார். 1918ஆம் ஆண்டில் இராயல் சங்கத்தின் அங்கத்தவராயினார். எனினும் உடல் நலிந்து 1919இல் தாயகம் திரும்பி, 1920ஆம் ஆண்டு ஏப்ரில் 26ஆம் நாள், முப்பத்திரண்டாம் வயதிற் சென்னையில் மறைந்தார்.

வாலிபர்களே! கணிதத்தில் அவர் கொண்ட ஊக்கத்தைக் கைக்கொள்ளுங்கள். பிற பாடங்களைக் கைவிட்டதைப் பின்பற்ற வேண்டா. விளங்காத சமன்பாட்டைக் கண்டாற் கட்டத்தாளை எடுத்துப் பத்துப் புள்ளிகளையாவது குறித்துப் பாருங்கள்.

பெரியோர்களே! ஒரு பரீட்சையிலே தவறிய பிள்ளையைப் பயனற்றவனெனத் தள்ளிவிடாதீர்கள். ஏபெலின் முடிபை எடுத்துச் சொல்ல அன்று அச்சிறுவனின் அருகில் ஒருவரும் இருந்திலர். நம் வாவிக் கரையிலுள்ள ஊர்களிலும் அத்தகைய பிள்ளைகள் இருத்தல் கூடும். கற்றவர் ஒவ்வொருவரும் மாலையில் ஒரு நாழிகை ஒதுக்கி, அயலிலுள்ள ஒரு பிள்ளைக்கேனும் கணிதம் சொல்லிக் கொடுப்பாராயின், அதுவே இராமானுஜனுக்கு நாம் செய்யும் சிறந்த நினைவாகும்.