அளவைக்கு எட்டாத அனுபவம்
(பகவான் ஸ்ரீ ரமண மகரிஷிகளின் வாழ்க்கை)

இறைவன் உளன் என்பதற்கு நிரூபணம் யாது என்று வினவுவோர் எக்காலத்தும் உண்டு. விஞ்ஞானம் வளர வளர அவ்வினாவும் வலுப்பெற்று வருகின்றது. தராசில் நிறுத்தோ, பூதக்கண்ணாடியால் பெருக்கியோ காட்டத்தக்க பொருளாக இறைவன் இல்லை என்பதை ஆஸ்திகர்களாகிய நாமும் ஒப்புக்கொள்ள வேண்டியதே. ஆயினும் நிரூபணம் இல்லை என்ற ஒரே காரணத்தால் இறையனுபவம் பயனற்றதாகிவிடுமோ? இவ்வினாவிற்கு வாதத்தாலன்றித் தம் வாழ்வினாலேயே விடை பகர்ந்தவர் திருவண்ணாமலை பகவான் ஸ்ரீ ரமண மகரிஷிகள்.

பாண்டிநாட்டுப் பாடல் பெற்ற தலங்களுள் ஒன்றாகிய திருச்சுழியில், 1879-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள், ஆருத்ரா தரிசன நன்னாளின் நள்ளிரவு கழிந்த வேளையில், சுந்தரமையருக்கும் அழகம்மையாருக்கும் இரண்டாம் புதல்வராக வேங்கடராமன் தோன்றினார். 1892-இல் தந்தையார் காலமாகவே, மதுரையில் சிற்றப்பா சுப்பையரின் இல்லத்தில் தங்கி, அமெரிக்க மிஷன் உயர்நிலைப் பள்ளியில் பயின்று வந்தார். படிப்பில் பெரு நாட்டமில்லை. விளையாட்டிலேயே ஊக்கம் மிகுதி. 1895-இல் உறவினர் ஒருவர் தாம் அருணாசலத்திலிருந்து வருவதாகக் கூறிய அச்சொல்லும், பின்னர்த் தற்செயலாகக் கையிற் கிட்டிய பெரிய புராணமும் அவருள்ளத்தில் இனந்தெரியாத பரவசத்தை விளைவித்தன. அவ்வளவே அவர் அந்நாளில் அறிந்த சமயம்.

1896-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஒரு நாள், சிற்றப்பாவின் வீட்டு மாடியறையில் அவர் தனித்திருந்தார். உடலில் யாதொரு நோயும் இல்லை. திடீரென்று மரண பயம் அவரைப் பற்றிக்கொண்டது. பதினாறு வயதுப் பிள்ளை வைத்தியரை அழைக்கவில்லை, பெரியோரிடம் ஓடவுமில்லை. மரணம் என்பது யாது என்று தாமே பார்த்துவிடத் துணிந்து, பிணம்போல் கைகால்களை நீட்டிப் படுத்து, வாயையும் இறுக மூடிக்கொண்டார். இவ்வுடல் சுடலைக்குச் சென்று சாம்பராகும். அதனோடு நானும் மாய்வேனோ என்று உள்நோக்கி விசாரித்தார். உடலுக்கு வேறாய், உயிர்ப்புடன் விளங்கும் ஒன்று தம்முள் இருத்தலைக் கருத்தளவாயன்றிக் கண்கூடாக உணர்ந்தார். அக்கணமே அச்சம் அகன்றது. பின்னர் அது திரும்பவேயில்லை.

அங்கே சாட்சியாக எவரும் இருந்திலர். நரம்பின் கோளாறு என்றோ, இளம் மனத்தின் மயக்கம் என்றோ ஒருவர் கூறினால், அவரை மறுக்கத்தக்க சான்று நம் கையில் இல்லை. வேங்கடராமனும் எவரிடத்தும் அதனை நிரூபிக்க முற்படவில்லை. ஆனால் விதையைக் காண இயலாவிடினும் விளைச்சலைக் காணலாமன்றோ?

முன்னர்த் தோழர்களோடு என்றோ ஒரு நாள் ஆலயத்திற்குச் சென்றவர், அதன்பின் மாலைதோறும் தனியே மீனாட்சியம்மன் திருக்கோயிலுக்குச் செல்லலானார். அம்மையின் முன்னும், நடராஜப் பெருமான் முன்னும், அறுபத்து மூவர் முன்னும் கண்ணீர் பெருக நின்றார். பிரம்மம், சம்சாரம் என்னும் சொற்களைக்கூட அவர் அப்போது அறிந்திலர். அனுபவம் முன்னர் வந்தது. அதற்குரிய சாத்திரப் பெயர்களைப் பின்னரே நூல்களில் கண்டார். ஆலய வழிபாட்டில் ஈடுபட்ட நாம் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

அவ்வாண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள், தமையனாரின் கல்லூரிச் சம்பளத்திற்கென்று எடுத்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் தம் பயணத்திற்குக் கொண்டு, எஞ்சிய இரண்டையும் ஒரு கடிதத்தோடு வைத்துவிட்டு வீட்டை நீங்கினார். செப்டம்பர் முதல் நாள் அண்ணாமலையார் சந்நிதியை அடைந்தார். ஆயிரக்கால் மண்டபத்தின் அடியிலுள்ள பாதாள லிங்கக் குகையில் பூச்சிகள் தொடைகளைக் கடித்துப் புண்ணாக்கியதும் அறியாது அமர்ந்திருந்தார். பின்னர் விரூபாட்ச குகை, கந்தாசிரமம் என மலையிலேயே நெடுங்காலம் வாழ்ந்தார். 1907-இல் காவ்யகண்ட கணபதி சாஸ்திரியாரே அவருக்கு ரமண மகரிஷி என்னும் திருநாமத்தைச் சூட்டியவர். 1924-இல் ஆசிரமத்தினுள் புகுந்த திருடர்கள் தம்மைத் தடியால் அடித்தபோதும், அவர்களைத் திருப்பித் தாக்கலாகாதென்று மகரிஷிகள் அடியார்களைத் தடுத்தார்கள். தம்மை நாடி வந்தோரிடம், என்னை நம்புங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. நான் யார் என்று நீங்களே விசாரித்துக் காணுங்கள் என்றே உபதேசித்தார்கள்.

1922-இல் சமாதியடைந்த அன்னையாரின் மீது எழுப்பப்பெற்ற மாத்ருபூதேசுவரர் ஆலயத்திற்கு 1949-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் கும்பாபிஷேகம் நிகழ்ந்தது. அதற்கு முந்திய மாதமே மகரிஷிகளின் இடக்கையில் தோன்றிய கட்டி ஒன்றுக்கு அறுவை சிகிச்சை நடந்திருந்தது. அது புற்றுநோய் எனத் தெரியவந்தது. அவ்வாண்டிற்குள் நான்கு முறை அறுத்தும் அது அடங்கவில்லை. கையைத் துணித்து நீக்கலாம் என்ற யோசனையை அவர்கள் ஏற்கவில்லை. தம் சக்தியாலேயே நோயைத் தீர்த்துக்கொள்ள வேண்டுமென்று அடியார்கள் அழுது வேண்டினர். அதற்கும் அவர்கள் இசையவில்லை. வலி இல்லை என்று சாதிக்கவுமில்லை. வருவோர்க்குத் தரிசனம் தருவதை மட்டும் நிறுத்தவில்லை.

நோய் தீர்தலையே சமயத்தின் சான்றாகக் கொள்வோர்க்கு இங்கு ஏமாற்றமே மிஞ்சும். ஆனால் மதுரை மாடியறையில் ஒரு சிறுவனை நடுங்கச் செய்த அதே மரணம், ஏறக்குறைய ஐம்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து மெய்யாகவே வந்தபோது, அங்கே அச்சத்தைக் காணவில்லை. வைத்தியர்கள் கட்டியை அளந்தனர். அந்த அமைதியை அளக்க அவர்களிடம் கருவி இல்லை. 1950-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் இரவு 8 மணி 47 நிமிடத்திற்கு, அருணாசல அட்சரமணமாலையை அடியார்கள் பாடிக்கொண்டிருக்க, மகரிஷிகள் மகாநிர்வாணம் எய்தினார்கள். அவ்வேளை வானில் ஓர் ஒளி மலையை நோக்கிச் சென்றதைப் பலரும் கண்டனர். பிரெஞ்சு நாட்டுப் புகைப்படக் கலைஞர் கார்ட்டியே பிரெஸ்ஸோனும் அவர்களுள் ஒருவர். அஃது எரிநட்சத்திரமே என்று விஞ்ஞானி கூறின் கூறுக. மகரிஷிகளின் பெருமை அவ்வொளியைச் சார்ந்து நிற்பதன்று.

மெய்யன்பர்காள்! திருப்பணிக்கு வந்த கல்லுக்கும் மரத்துக்கும் கணக்கேட்டில் வரவு உண்டு. சந்நிதியில் ஒரு கணம் நெஞ்சம் நெகிழ்ந்து நின்றவர் பெற்றதற்கு எந்த ஏட்டிலும் வரவு இல்லை. அதனைப் பிறர்க்குக் காட்டி வாதிடவும் வேண்டா. பிறர் மறுப்பதால் இழக்கவும் வேண்டா. நம் அச்சம் குறைந்ததா, நம்மைத் துன்புறுத்தியவர் மீதும் இரக்கம் சுரந்ததா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வதே அதற்குரிய உரைகல். அத்தகைய அனுபவத்தை இத்திருக்கோயிலில் எழுந்தருளியுள்ள இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக!